புறங்கை

விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கமாகப் போகிற குறுக்கு ரோடு. இரண்டு பக்கமும் வயல். டீக்கடை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. தலைக்கு மேலே கரண்ட் டவர் லைன். மார்கழிப் பனியில் அந்தக் கம்பிகள் சும்மா இருக்காது... சிர்ர்ர் என்று, காய்ந்த எண்ணெயில் ஈரக்கையை உதறின மாதிரி, ஓயாமல் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்த ரோட்டில் ஒரு பைக். பைக்கில் ஒரே ஆள். கம்பிக்கு நேர் கீழே வந்தபோது அவன் பிடரியில் ஒரு கை பட்டது.

பட்டது... எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

"இன்னாக்கா, எடுத்த எடுப்புலயே கைய வெக்கிற?" என்று இளமதி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

கவரைப்பேட்டையில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே மழை. ஆறு பேர் ஒரே அறையில், ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மற்ற ஐந்து பேரும் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள். நான் மட்டும் ஆஸ்பத்திரி. பைபாஸ் ஓரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். ஆறு பேரில் மூத்தவளும் நான்தான், வாயாடியும் நான்தான். அதனால் பேய்க் கதை சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"இட்டுக்கட்டினதா, நடந்ததா மெர்சிக்கா?" என்றாள் விக்டோரியா.

"நடந்தது. என் ஃப்ரெண்டு காயத்ரி கீறா இல்ல, திருவள்ளூர் கோர்ட்ல டைப்பிஸ்ட்டு... அவ அண்ணனுக்கு நடந்தது. கடைசில கொஞ்சம் என் கண்ணு முன்னாலயே நடந்தது. சிரிக்கறவ இப்பவே சிரிச்சிக்கோங்க."

ஐந்து பேரும் மெழுகுவர்த்தியை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

காயத்ரியின் அண்ணன் பெயர் ஆதிகேசவன். முப்பத்திரண்டு வயது. சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். அவன் மனைவி சுமலதா, ஆரம்பாக்கத்துப் பக்கத்துப் பெண், பாதித் தெலுங்கு பாதித் தமிழ். கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. ஷிஃப்ட் முடிந்தால் மற்ற ஆண்கள் நாலு இடம் சுற்றிவிட்டு வருவார்கள், இவன் நேராக வீட்டுக்கு வருவான். வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு டிவி பார்ப்பான். "இன்னாண்ணா, அண்ணி எழுந்து ஓடிடுவாங்கன்னு புடிச்சிகினு கீறியா?" என்று காயத்ரி கிண்டல் செய்வாள். அவன் சிரிப்பானே தவிர விடமாட்டான்.

எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்கள் கம்பெனியிலும் பார்த்திருப்பீர்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும் எந்த மெஷினையும் எடுத்ததும் உள்ளங்கையால் பிடிக்க மாட்டார்கள். புறங்கையால் லேசாக ஒரு தட்டு. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிடி. ஏன் என்று கேட்டேன். ஐந்து பேருக்கும் தெரியவில்லை.

"அல்லாரும் முழங்கைக்குக் கீழ ஒரு கையால புடிச்சிக்கோங்க. இப்ப வெரல மடக்கி மடக்கி நீட்டுங்க."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்துக் கைகள் அசைந்தன.

"உள்ள எலி ஓடறா மாதிரி கீதுக்கா" என்றாள் இளமதி.

அந்த எலிதான் தசை. விரலை மடக்குகிற வேலை விரலில் நடப்பதில்லை. முழங்கைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற தசை, கயிறு மாதிரி ஒரு நாணை வைத்து விரலை இழுக்கிறது. உடம்பில் அறுநூற்றுச் சொச்சம் தசைகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டும்தான் தெரியும். நீங்கள் ஒரு கதவைத் தள்ளும்போதுகூட உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கையில் மடக்குகிற தசை ஒரு பக்கம், நீட்டுகிற தசை மறு பக்கம். இரண்டில் மடக்குகிறதுக்குப் பலம் அதிகம். கரண்ட் பாய்ந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும்... பலமுள்ளது ஜெயிக்கும். உள்ளங்கையால் தொட்டவன் கை மூடிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. புறங்கையால் தொட்டவன் கை உள்பக்கமாகச் சுருண்டு தானே விலகிவிடும். அதற்குத்தான் அந்தத் தட்டு.

போன வருஷம் ஐப்பசி. நாலு நாளாக மழை. அன்றைக்கு மத்தியானம் மழை விட்டு நல்ல வெளிச்சம். ஆதிகேசவன் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஐந்து குடித்தனம் இருக்கிற லைன் வீடு. பின்பக்கம் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தது. கம்பியின் ஒரு முனையை, மேலிருந்து கரண்ட் ஒயர் இறங்குகிற இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். ஒயர் எங்கோ தோலுரிந்து அந்தக் குழாயைத் தொட்டிருக்கிறது. சுமலதா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, துவைத்த புடவையைப் போடுவதற்காகக் கம்பியை எட்டிப் பிடித்திருக்கிறாள்.

அவன் உள்ளே நுழைந்தபோது அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்தபடி. கத்தவில்லை. கத்த முடியாது... மூச்சு விட வைப்பதும் தசைதானே, அதுவும் இறுகி நின்றுவிடும். கண் மட்டும் அவன்மேல் இருந்தது. அவன் நகர நகரக் கண்ணும் கூடவே நகர்ந்தது என்று அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பார்கள், அவர்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இவன் எலக்ட்ரீஷியன். தள்ளிவிடக் காய்ந்த கட்டை தேடினான். ஊரே நனைந்து கிடந்தது. அவளைத் தாண்டி, மெயின் பெட்டியைப் பார்த்து ஓடினான். பெட்டியில் பூட்டு. குடித்தனக்காரர்கள் கரண்ட் திருடிவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தார். செங்கல்லை எடுத்து அடித்தான். டங்... டங்... டங்... ஏழாவது அடியில் பூட்டு உடைந்தது. மெயினை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடி வந்தான்.

அவள் துவைக்கிற கல்லில் சாய்ந்து சரிந்திருந்தாள். கை மட்டும் இன்னும் கம்பியில் இருந்தது. கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தது.

அவன் குனிந்து அவளைத் தொட்டான். புறங்கையால்.

யோசித்துச் செய்யவில்லை. பதினோரு வருஷத்துப் பழக்கம். கை தானாகத் திரும்பி, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி எடுத்தது. அந்த ஒரு நொடிதான். அடுத்த நொடி உள்ளங்கையால் வாரி அணைத்தான், நெஞ்சை அழுத்தினான், வாயில் வாய் வைத்து ஊதினான், ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தான். ஆனால் அந்த முதல் நொடிக்குப் பிறகு அவள் பார்வையில் ஆள் இல்லை. கட்டின புருஷன் கடைசியாகத் தன்னைத் தொட்டது, ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி என்றுதான் அவள் பார்த்துவிட்டுப் போனாள்.

விக்டோரியா மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

அவள் கை திறக்கவில்லை. கம்பியை இரண்டு பக்கமும் வெட்டித்தான் அவளை எடுத்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், வெந்நீர் விட்டுப் பார்த்தார்கள். விரல் அசையவில்லை. தசை இறுகுவதற்குத்தான் தெம்பு வேண்டும், தளர்வதற்கு ஒன்றும் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. பிடித்ததை விடுவதற்கும் தசைக்குத் தெம்பு வேண்டும். செத்தவர்களிடம் அந்தத் தெம்பு தீர்ந்துபோகிறது, அதனால்தான் உடம்பு விறைக்கிறது. நாலு விரல் அகலத்துக் கம்பித் துண்டு அவள் கைக்குள்ளேயே இருக்க, அப்படியே அடக்கம் செய்தார்கள்.

மூன்றாவது வீட்டுக் குப்பம்மாள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கருமாதி வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "கட்னவ கம்பியில நின்னுகினு கீறா, இவன் தாண்டி ஓட்றான். அப்பால வந்து, அடுப்புல வெச்ச குண்டான் சுடுதான்னு பாக்கறா மாதிரி பொறங்கையால தொட்டுப் பாக்கறான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பேஜாரு.

ஆதிகேசவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. துணைக்கு வந்து தங்கியிருந்த காயத்ரியிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "நான் இன்னாத்துக்கு ஓடனேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா காயத்ரி? வுட்டுட்டு ஓடறேன்னு நெனச்சிருப்பாளா?" சாப்பிடும்போது கேட்பான். பாதித் தூக்கத்தில் எழுந்து கேட்பான். தெரிஞ்சிருக்கும்ணா, தெரிஞ்சிருக்கும்ணா என்று சொல்லிச் சொல்லிக் காயத்ரி வாயும் ஓய்ந்துபோனது.

மார்கழி பிறந்தது. மறுபடி காலை ஷிஃப்ட். ஆறு மணி வேலைக்கு ஐந்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும். அந்தக் குறுக்கு ரோட்டில்தான் அது நடந்தது, முதலில் சொன்னேனே.

முதல் நாள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பனித்துளி என்று நினைத்தான். மறுநாள் அதே இடம். கம்பி சிர்ர்ர் என்கிறது... பிடரியில் பட்டு, எடுக்கிறது. மூன்றாம் நாள் அவன் கவனித்தான். உள்ளங்கை இல்லை அது. நாலு விரல் முட்டியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜில்லென்று ஈரம். ஈரத்தில் சோப்புத் தூள் வாசனை, சொட்டு நீல வாசனை. அதற்கு அடியில் லேசாக... கருகின முடி வாசனை.

"ஆங்..." என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். மெழுகுவர்த்தி ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது.

காயத்ரி பயந்துபோனாள். ஹைவேயில் போ, சுற்றாக இருந்தால் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். பெரியபாளையத்துக்குப் போய்த் தாயத்து வாங்கி வந்து கட்டினாள். அவன் தாயத்தைக் கழற்றி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டான். முகத்தில் பயமே இல்லையாம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் இரண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"டெஸ்ட் பண்றா காயத்ரி. எங்கிட்ட ஷாக் கீதான்னு தட்டிப் பாக்கறா. இல்லன்னு தெரிஞ்சா அப்பால புடிப்பா. அதான் மொற. நான்கூட அத்த மாதிரிதான் தொட்டேன், ரெண்டாவது வாட்டி தொடறதுக்குள்ள அவ செத்துப் பூட்டா. அவ புடிக்கற வரிக்கும் நான் அந்த ரோட்லதான் போவேன்."

இருபது நாளுக்கு மேல் போனான். தினமும் ஒரு தட்டு. அதற்கு மேல் இல்லை. அவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். முதுகை வளைத்துக் கொடுத்துப் பார்த்தான். தட்டிவிட்டு விலகிவிடும்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அவன் கம்பிக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ஹெட்லைட்டை அணைத்தான். சிர்ர்ர்... அது மட்டும்தான் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையைப் பின்பக்கமாக நீட்டினான். உள்ளங்கை விரிந்து, மேலே பார்த்தபடி.

"மெயின ஆஃப் பண்ணிட்டேன் சுமா" என்றானாம். "ஒண்ணியும் ஆவாது. புடிச்சிக்கோ."

ஆறரை மணிக்குப் பால் வண்டி ஓட்டுகிற மோசஸ் அந்தப் பக்கம் வந்தான். நடு ரோட்டில் பைக். ஸ்டாண்டு கூடப் போடவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்கப் பனி. வலது கை பின்னால் நீட்டினது நீட்டினபடி, விரல்கள் மட்டும் மூடியிருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. என்ன ஆச்சு என்று மோசஸ் கேட்டதற்கு ஒரே வார்த்தைதான் வந்தது.

"புடிச்சிட்டா."

வண்டியை ஓரம் கட்டுவதற்காக மோசஸ் தள்ளினான். அடியில் ஏதோ காலில் தட்டியது. துருவேறின கம்பித் துண்டு. நாலு விரல் அகலம் இருக்கும். ஏதோ வண்டிச் சாமான் என்று எடுத்துக்கொண்டு வந்து காயத்ரியிடம் கொடுத்தான். அவள் அதைக் கையில் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொன்னாள். சுமலதாவின் சமாதியைப் போய்ப் பார்த்தார்கள். மண் கலையவில்லை. மேலே புல் முளைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் என் டேபிளுக்கு வந்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அவனை நம்பவில்லை. லீவுக்காகக் கழுத்து வலி, லீவுக்காக இடுப்பு வலி என்று வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு காய்த்துப்போயிருந்தது. தோழியின் அண்ணன் என்பதால் வாயை மூடிக்கொண்டு கையைப் பார்த்தேன். கை மூடியிருந்தது, ஆனால் முஷ்டி இல்லை. நகம் உள்ளங்கையில் படவில்லை. நடுவில் ஒரு இடைவெளி. இன்னொரு கையைப் பிடித்திருக்கிற கை எப்படி இருக்குமோ அப்படி. பிடித்திருந்த கை சின்னக் கை.

முழங்கைக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். இரும்புக் குழாய் மாதிரி இறுகியிருந்தது. சூடான மெழுகில் முக்கி எடுத்தேன். மெஷின் வைத்தேன். தடவினேன். மாற்றமில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கையில் தூக்கிக்கொண்டு எத்தனை நிமிஷம் நிற்பீர்கள்? பத்து நிமிஷத்தில் கை நடுங்கும், பதினைந்தில் குடம் கீழே இருக்கும். எந்தத் தசையானாலும் களைத்துப்போகும். நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருக்கிற ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் ஓய்வு வேண்டும். இவன் நாற்பது நாள் பிடித்துக்கொண்டிருந்தான். தூக்கத்திலும் பிடித்துக்கொண்டிருந்தான். காயத்ரி விளக்கைப் போட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

ஒரு நாள் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, மூடின விரல்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் அந்தப் பக்கம் வந்து சுவரில் விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சரி என்று என் சுண்டுவிரலை உள்ளே விட்டேன்.

போகவில்லை.

வெற்று இடம்தான், கண்ணுக்குத் தெரிகிறது... விரல் போகவில்லை. ஜில்லென்று எதன்மேலோ முட்டிக்கொண்டு நின்றது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் முதலில் கட்டிலில் படுக்க வைப்பார்கள்.

மில்லிலிருந்து காயிதம் வந்தது. மாத முடிவுக்குள் வேலைக்குத் தகுதி என்று சர்ட்டிபிகேட் கொடுக்காவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம். காயத்ரி என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போது நான்தான் டாக்டரிடம் போனேன். சிலருக்கு மனசு தாங்காமல் கை இப்படி மூடிக்கொள்வதுண்டு, மயக்கம் கொடுத்தால் தானே திறக்கும், திறந்ததை அவனே பார்த்தால் மனசு மாறும் என்றேன். டாக்டரும் சரி என்றார்.

ஆதிகேசவன் என் காலில் விழாத குறைதான்.

"வேணாம் சிஸ்டர். ஒரு வாட்டி அவள வுட்டுட்டு ஓடனவன் நான். இப்ப நீங்க தெறந்துட்டா, மறுபடியும் வுட்டுட்டான்னுதானே நெனப்பா?"

"செத்தவங்க ஒண்ணும் நெனக்க மாட்டாங்கப்பா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் ராத்திரி படுத்தால் அந்த வார்த்தைதான் முதலில் ஞாபகம் வருகிறது. தங்கச்சிக்காக அவன் ஒத்துக்கொண்டான். இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

தியேட்டருக்குள் டாக்டர், மயக்க டாக்டர், ஒரு நர்ஸ், நான். விரல் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. முதல் ஊசியில் அவன் தூங்கினான். கை திறக்கவில்லை. இரண்டாவது ஊசி தசைகளைத் தளர்த்துகிற மருந்து. அது ஏறும்போது உடம்பெங்கும் தோலுக்கடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு ஓடும். நெற்றி, கழுத்து, நெஞ்சு, தொடை... கால்விரல் வரைக்கும் ஓடி அடங்கும். அடங்கின பிறகு அந்த உடம்பில் ஒரு தசையும் சொன்ன பேச்சுக் கேட்காது. மூச்சுகூட விடாது. மயக்க டாக்டர்தான் பலூனை அமுக்கி அமுக்கி அவனுக்காக மூச்சு விட்டார். இதயம் மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பீப்... பீப்...

கை திறந்தது. முதலில் சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல். ஒவ்வொன்றாக, பூட்டுக் கழன்ற மாதிரி, விரிந்தன.

"நீங்க சொன்னதுதான் சரி மெர்சி, மனசுதான்" என்றார் டாக்டர். எல்லா விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினார். துணி மாதிரி வளைந்தன. நான் அளந்து எழுதினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் அவன் கையை விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றத் திரும்பினார்.

கை கீழே விழவில்லை.

டேபிளிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. உள்ளங்கை திறந்திருந்தது, விரல்கள் உயிரில்லாமல் தொங்கின, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எல்லாம் கூழ் மாதிரி தளர்ந்திருந்தது... நான் தொட்டுப் பார்த்தேன், எலி ஓடவில்லை, ஒரு தசையும் இழுக்கவில்லை. ஆனால் கை மேலே நின்றது. டாக்டர் மெதுவாக அமுக்கினார். இறங்கியது. எடுத்தார். மறுபடி அதே ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. மயக்க டாக்டர் ஊசிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து மருந்தின் பெயரைப் படித்தார். நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்பிரிட் வாசனை மட்டும் இருக்க வேண்டிய அறையில் சொட்டு நீல வாசனை வந்தது.

பெரிய விளக்குக்குக் கீழே அவன் புறங்கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் நாலு பள்ளம். ஆள்காட்டி விரல் பக்கம் ஒரு பள்ளம். அழுத்திப் பிடித்தால் தோல் வெளுத்துக் குழியுமே, அப்படி வெளுத்திருந்தது. யாரும் அழுத்தவில்லை.

அவன் பிடியை நாங்கள் பிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பக்கத்துப் பிடி அப்படியே இருந்தது.

"அவனுக்கு... அவருக்கு இது தெரியுமாக்கா?" என்றாள் இளமதி. போர்வைக்குள்ளிருந்து வெறும் குரல் மட்டும் வந்தது.

அவன் கண் விழிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வேறு அறைக்குக் கொண்டுவந்திருந்தோம். கை தானாக இறங்கிப் படுக்கையில் கிடந்தது. டாக்டர் ஒன்றும் நடக்காத மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முதலில் வலது கையைத்தான் பார்த்தான். வெள்ளை விரிப்பின் மேல் அது விரிந்து கிடந்தது. விரல்களை மூடிப் பார்த்தான், திறந்து பார்த்தான், மறுபடி மூடிப் பார்த்தான். உள்ளே அவனுக்கு எதுவும் படவில்லை போல. மருந்தில் தோல் மரத்திருந்ததோ என்னவோ.

பிறகு இடது கையை மடக்கிக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு அழுதான். ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"வுட்டுட்டேனே சிஸ்டர்... மறுபடியும் நானே வுட்டுட்டேனே..."

இல்லைப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கண் அவன் கையில் போய் நின்றது. வலது கை விரிப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஐந்து பள்ளமும் இன்னும் இருந்தன. நாலு அசையவில்லை. ஐந்தாவது, கட்டைவிரல் பதிந்த பள்ளம்... அது மட்டும் அவன் தோலின் மேல் மெதுவாக நகர்ந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அழுகிற ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் தடவிக்கொடுப்போமே, அதே மாதிரி.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.